‘ஸ்நாப்’ என்ற சொல்லின் முதல் பொருள்

ஆகஸ்ட் 5, சனி

ஆம்பூரில் வாசகர் வட்டம் நடத்திய மாவட்ட அளவு வினாடி வினா. சிறப்பு விருந்தினரும் நானே, நடுவரும் நானே. எட்டு மணிக்குக் கார் வரும் என்றார் செயலாளர் ஜலேந்திரன். ஒன்பதே காலுக்கு வந்தது. கார் என்று அதைச் சொல்லப் பெரிய மனது வேண்டும். பிரகாசம் துணைக்கு வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து நான் போகும் கூட்டத்துக்கெல்லாம் என் கணவர்தான் துணை. (நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். இந்த நோட்டில் மட்டும் அவர் பிரகாசம்.) பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும், “நீ ஆம்பூருக்கு வந்து முப்பது வருஷம் இருக்குமா?” என்று கேட்டார். டிரைவர் காதில் விழப் போகிறது என்று நான் பதில் சொல்லவில்லை.

கேள்விகள் அத்தனையும் என் ‘சொல் சவாரி’ புத்தகத்திலிருந்து. நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பன்னிரண்டு வருஷமாக நான் எழுதும் பத்தியின் தொகுப்பு அது. பேச்சுவழக்கு ஆங்கிலச் சொல் ஒன்று, அதன் பொருள், அது பிறந்த கதை. பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சால்வை பாலியெஸ்டர். வடையில் எண்ணெய் அதிகம்.

கடைசிச் சுற்றில் ஒரு சின்னக் குழப்பம். நடுவர் என்ற முறையில் ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தேன். வேலூர்ப் பையன் ஒருவன் வென்றான். தனியார் பள்ளி, நல்ல உச்சரிப்பு. அவன் பெயர் பதினாறாம் தேதிக்குள் சென்னைக்குப் போக வேண்டுமாம். செப்டம்பர் 3 மாநிலப் போட்டி.

வீட்டுக்குள் நுழையும்போது வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் மூன்று கால் இரும்பில் விரலை இடித்துக்கொண்டேன். பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லி எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். பிரகாசம் அந்த விஷயத்தில் மட்டும் செவிடு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் போய் வந்து மீன் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது பிரகாசம் கேட்டார்.

“அந்தப் பொண்ணு சொன்னது தப்பா?”

“எந்தப் பொண்ணு?”

“நேத்து கடைசியா எழுந்து நின்னுச்சே.”

“புத்தகத்துல வேற போட்டிருக்கு.”

“உன் புத்தகத்துல” என்றார். அதற்கப்புறம் முள் எடுப்பதில் மும்முரமாகிவிட்டார். இந்த மனிதர் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கல்லூரி. மூன்று வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சனிக்கிழமை நடந்ததைச் சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும்.

கடைசிக் கேள்விக்கு முன்னால் வேலூர்ப் பையன் எண்பத்தைந்து. ஆம்பூர் அரசுப் பள்ளியில் பதினொன்றாவது படிக்கும் ஒரு பெண் எண்பது. ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய ரெட்டைப் பின்னல். இடது கால் செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தாள். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பது என் வழக்கம். கேள்விக்குப் பத்து மதிப்பெண். ஜலேந்திரன் வாசித்தார்: “ஸ்நாப். தன்னைப் பெரிய ஆளா நினைச்சுக்கிட்டு மத்தவங்களை மட்டமாப் பார்க்கிறவங்களை இப்படிச் சொல்றோம். இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?”

அந்தப் பெண்தான் முதலில் மணியை அழுத்தினாள். எழுந்து நின்று சொன்னாள்: “ஆதியில அது செருப்புத் தைக்கிறவங்களுக்கு இருந்த பேரு சார்.”

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து எவனோ, “ஆம்பூர்ல எது கேட்டாலும் செருப்புதான்” என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. ஜலேந்திரன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “பதில் அது இல்லியேம்மா” என்றார். அவள் உட்காரவில்லை.

“லைப்ரரி டிக்‌ஷனரில இருக்குது சார். மேடம் கிட்ட கேளுங்க. மேடத்துக்குத் தெரியும்.”

ஜலேந்திரன் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் “தவறு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கேள்வி பையனுக்குப் போனது. என் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கமா, புள்ளி மாறாமல் ஒப்பித்தான்: பழைய காலத்தில் ஆங்கிலேயப் பல்கலைக்கழகத்தில், பிரபு குலத்தைச் சேராத மாணவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சிநே நொபிலிட்டாத்தே’ என்று இலத்தீனில் குறிப்பார்கள், அதைச் சுருக்கி எழுதியதுதான் ‘ஸ்நாப்’. கைதட்டல்.

விடைத்தாளில் இருந்ததைத்தான் நடுவர் சொல்ல முடியும். விதி அப்படி.

ஆகஸ்ட் 10, வியாழன்

தண்ணீர் மோட்டார் மறுபடி ஏர் லாக். பிரகாசம் காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார்.

மேஜையின் இரண்டாவது இழுப்பறையை ஒழித்தேன். ஒழிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. நான் தேடிய போஸ்ட் கார்டு அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இருந்தது. ஜூன் மாதம் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“மதிப்பிற்குரிய பேராசிரியை ஹெலன் பொற்கொடி அம்மா அவர்களுக்கு வணக்கம். தங்கள் ‘சொல் சவாரி’ நூலை எங்கள் ஊர் நூலகத்தில் படித்தேன். 41ஆம் பக்கத்தில் ‘ஸ்நாப்’ என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் உள்ள பெரிய அகராதியில் அதன் முதல் பொருள் செருப்புத் தைப்பவர் என்று இருக்கிறது. இலத்தீன் கதை அதில் இல்லை. எது சரி? என் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அதனால் அகராதியில் அதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பதில் எழுதுவீர்களா? இப்படிக்கு, கோ. லோகேஸ்வரி.”

பதில் எழுதவில்லை. ஜூன் மாதம் விடைத்தாள் திருத்தும் வேலை கழுத்தை நெரித்தது. அது உண்மை. அந்த மாதமே வேறு நான்கு வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதினேன் என்பதும் உண்மை.

சனிக்கிழமை மேடையில் அவள் பெயரை வாசித்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “மேடத்துக்குத் தெரியும்” என்று அவள் சொன்னது என்னைப் பெரிய படிப்பாளி என்று புகழ்வதற்கு இல்லை. கேள்வியை எனக்கு முன்பே எழுதி அனுப்பியவள் என்பதால் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, சனி

பத்திக்கு எடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதுவேன். நான்கைந்து அகராதி பார்த்துக் குறிப்பு எடுத்து, அகர வரிசையில் பிஸ்கட் டின்களில் அடுக்கி வைப்பேன். அதிலிருந்து எது சுவையாக இருக்கிறதோ அதைப் பத்தியாக்குவது. இதுதான் என் வேலை முறை. மூன்றாவது டின்னில் அந்த அட்டை இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்தையது, நீல மை, என் கையெழுத்து.

முதல் பொருள்: செருப்புத் தைப்பவர். அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு: பல்கலைக்கழக நகரத்தில் மாணவர் அல்லாத ஊர்க்காரர். பிறகு: பெரிய இடத்து மனிதரைப் போல நடந்துகொள்ளப் பார்க்கும் சாதாரணக் குடும்பத்தவர். இன்று: தனக்குக் கீழே என்று நினைப்பவர்களை இளக்காரமாகப் பார்ப்பவர். இலத்தீன் கதை: பின்னால் வந்த கட்டுக்கதை. ஆதாரம் இல்லை.

‘ஆதாரம் இல்லை’ என்பதற்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன். முதல் வரியைப் பென்சிலால் அடித்திருப்பதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு படிக்கிற பத்தியில் செருப்பு வேண்டாம், வாசகர் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன்.

பொய். எந்த வாசகர் சுளிக்கப் போகிறார்? சுளித்தது என் முகம். என் பெயருக்குக் கீழே அந்த வார்த்தை அச்சில் வருவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஏன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. எனக்குத் தெரியும், பிரகாசத்துக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஜலேந்திரன் எண்ணை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவரைத் தொந்தரவு செய்வது நாகரிகம் இல்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

கல்லூரியில் உள்தேர்வு. ஸ்டாஃப் ரூமில் வினாடி வினாப் புகைப்படத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நல்ல புடவை என்றார்கள். படத்தின் ஓரத்தில் லோகேஸ்வரி குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பகத்தில் மெய்ப்பு கேட்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு பக்கம் தப்பு என்று நானே கிளப்பிவிட்டால் மற்ற பக்கங்களையும் கிண்டுவார்கள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். இனிப்பு. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். பிரகாசம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “நாளைக்குப் பதினாறு” என்றார். “தெரியும்” என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

சிலிண்டர் வந்தது. பத்தி அனுப்பினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை ஏழரைக்கே ஜலேந்திரனைக் கூப்பிட்டேன். நேற்று முழுக்கக் கைக்கு வராத தைரியம் இன்று பல் தேய்த்ததும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியும்.

“அந்தக் கடைசிக் கேள்வி சார். அந்தப் பொண்ணு சொன்ன பதில் சரி.”

“சரிங்களா? உங்க புக்குல வேற மாதிரி இருக்குதே மேடம்.”

“புத்தகம் தப்பு.”

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். “பத்து மார்க் குடுத்தா அந்தப் பொண்ணுக்குத் தொண்ணூறு, பையனுக்கு எண்பத்தஞ்சு. இதை முந்தாநாள் சொல்லியிருந்தீங்கன்னா ஒரு லெட்டர் வாங்கிக்கினு பேரை மாத்தியிருப்பேன். நேத்து சாயங்காலம் லிஸ்ட்டு போயிட்சே மேடம். பையன் வூட்ல டிக்கெட்டே போட்டுட்டாங்க.”

“சென்னைல பேசிப் பாக்க முடியாதா?”

“பேசறேன்.” மதியம் அவரே கூப்பிட்டார். பட்டியல் மூடியாகிவிட்டது, ஒரு மாவட்டத்துக்கு ஒருவர்தான் என்றார்களாம். “மனசுல வச்சுக்காதீங்க மேடம். சின்னப் பசங்க, மறந்துடுவாங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மாலையில் அவருக்கு முறையான கடிதம் ஒன்றாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். “அண்மைக் கால ஆய்வுகளின்படி” என்று தொடங்கினேன். பிரகாசம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “உன் அட்டை எந்த வருஷத்து ஆய்வு?” என்றார். தாளைக் கிழித்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

பஸ்ஸில் தனியாக ஆம்பூர் போனேன். பிரகாசம் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். விலாசம் ஜலேந்திரன் கொடுத்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். ரயில்வே கேட் இருந்த இடத்தில் இப்போது பாலம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற புங்கமரத்தைக் காணோம். ஆட்டோக்காரர், “ஊருக்குப் புதுசாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் நான்காவது. லோகேஸ்வரியின் அம்மா கோமளா அப்போதுதான் அரை நாள் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பிரிவில் பதினாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறாளாம். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருந்தது. பசையின் அந்த வாசனையை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். சற்று அதிக நேரம் என் முகத்தையே பார்த்தாள். பேராசிரியை வீட்டுக்கு வந்த திகைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தடுக்கத் தடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போய் எனக்குக் கலர் சோடா வாங்கி வந்தாள். லோகேஸ்வரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“உன் பதில் சரிம்மா” என்றேன். “புத்தகத்துல தப்பா வந்துடுச்சு. அடுத்த பதிப்புல திருத்திடறேன்.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது இதுவல்ல. வாயில் வந்தது இதுதான். ‘தப்பா வந்துடுச்சு’ என்றேன், மழை வந்துவிட்டது என்பதுபோல.

 அவள் உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். அவளும் என்னைப் போலச் சொல் சேர்க்கிறவள். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். ‘ஸ்நாப்’ பக்கத்தில் ‘செருப்புத் தைப்பவர்’ என்பதை அடிமட்டம் வைத்துச் சிவப்பில் நேராக அடித்திருந்தாள். கீழே இலத்தீன் கதை முழுக்க இருந்தது. அதற்கும் கீழே அடைப்புக்குறிக்குள்: நடுவர் அவர்கள் மேடையில் கூறியது.

“அன்னைக்கே வந்து அடிச்சிட்டேன் மேடம்” என்றாள். “சிரிச்சப்பகூட நம்ம சொன்னது சரின்னுதான் நெனச்சேன். நீங்க தப்புன்னு சொன்னப்புறம் எனக்கே டவுட்டு வந்துட்சு. டிக்‌ஷனரிய நாந்தான் சரியாப் பாக்கலன்னு நெனச்சிட்டேன்.”

“மறுபடி போயி பாத்தியாம்மா?”

“இல்ல மேடம். அப்புறம் லைப்ரரிக்குப் போவல.”

கோமளா கதவோரம் நின்றபடியே கேட்டாள். “சிரிச்சாங்களாமே மேடம். எனக்கு அதான் புரியல. இந்த ஊர்ல சோறு துன்றவங்கள்ல பாதிப் பேரு செருப்புத் தச்சுத்தான் துன்றாங்க. அதுல சிரிக்கிறதுக்கு இன்னா கீது?”

கலர் கையில் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

கிளம்பும்போது கோமளா கேட்டாள். “மேடத்துக்கு எந்த ஊரு?”

“வேலூர்.”

“வேலூரேவா?”

“ஆமா. வேலூரேதான்.”

“சரிங்க மேடம்” என்று என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

தலைவலி இல்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதைச் சொன்னதும் பிரகாசம் காய் நறுக்குவதை நிறுத்தினார். “ஹெலன், நீ அந்தப் பொண்ணுக்கு மட்டும் தப்பு பண்ணலை” என்றார். மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அவரை அப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 23, புதன்

பத்தி அனுப்ப வேண்டிய நாள். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வாசல் கதவில் முட்டுக் கொடுத்திருந்த இரும்பைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். கனமாக இருந்தது. மூன்று கால். ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் வடிவம், பெரியது, நடுத்தரம், சின்னது. செருப்பைக் கவிழ்த்து மாட்டி ஆணி அடிப்பதற்கு. சின்னப் பாதத்தில் என் பள்ளிக்கூட ஷூவை மாட்டி அப்பா லாடம் அடித்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், “ஏதோ பழைய இரும்பு, கதவுக்கு நல்லா நிக்குது” என்பேன். அப்பா போன பிறகு அவர் பையோடு இதைக் கொண்டுவந்தவர் பிரகாசம். நான் எதுவும் வேண்டாம் என்றிருந்தேன்.

அப்பா பெயர் ஏசடியான். ஆம்பூர் ரயில்வே கேட்டருகில், புங்கமரத்தடியில், சாக்கு விரித்து நாற்பது வருஷம் உட்கார்ந்தார். கேட் மூடியிருக்கும்போதுதான் அவருக்குத் தொழில். காத்திருப்பவர்கள் அறுந்த வாரை நீட்டுவார்கள். ரயில் போவதற்குள் தைத்துக் கொடுப்பார். கல்லூரி விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். ஒரு தடவை விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தார். வார்டன் யார் என்று கேட்டபோது, “ஊர்லேர்ந்து வந்திருக்காரு” என்றேன். அப்பாவும், “ஆமாங்கம்மா, ஊர்லேர்ந்துதான்” என்றார். கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். அப்புறம் அவர் விடுதிக்கு வரவில்லை.

நாற்பது வருஷத்தில் இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. இந்த நோட்டில்கூட.

மதியம் மூன்று மணிக்குப் பத்தியை முடித்தேன். கடைசிப் பகுதி மட்டும் இங்கே:

“இந்தச் சொல்லின் முதல் பொருள் செருப்புத் தைப்பவர். நான் சொன்ன இலத்தீன் கதை கட்டுக்கதை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆம்பூர் மாணவி கோ. லோகேஸ்வரி ஜூன் மாதமே கடிதம் எழுதிக் கேட்டார். நான் பதில் போடவில்லை. மேடையில் சரியான விடையைச் சொன்னார். தெரிந்தே தவறு என்றேன். அதனால் அவர் போக வேண்டிய இடத்துக்கு இன்னொருவர் போகிறார். அந்த மாணவர்மீது தவறு ஏதும் இல்லை. நான் ஏன் இப்படிச் செய்தேன் என்றால், நான் செருப்புத் தைப்பவரின் மகள். அது தெரியக் கூடாது என்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன். ‘ஸ்நாப்’ என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான உதாரணம் என்னிடம் இல்லை.”

இணைப்பின் ஆசிரியர் கூப்பிட்டார். “கடைசிப் பாரா பர்சனலா இருக்கே மேடம், எடுத்துடலாமா?”

“அதை எடுத்தீங்கன்னா மேல இருக்கறதையும் எடுத்துடுங்க” என்றேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வந்துவிட்டது. முழுதாக. பிரகாசம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். ஆலயத்தில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண்டும் காணாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் அவர் காலைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் யாரும் பத்தியைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமாகத் திங்கட்கிழமை அதைத்தான் பேசுவார்கள். பதிப்பகத்துக்கு 41ஆம் பக்கத்தின் திருத்தம் அனுப்பினேன். டின்களைத் திறந்து மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் டின்னிலேயே இரண்டு தப்பு அகப்பட்டது. இரண்டிலும் கதை அழகாக இருந்ததற்காக உண்மையை விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 2, சனி

நாளைக்குச் சென்னையில் போட்டி. லோகேஸ்வரி போகவில்லை. எத்தனை பத்தி எழுதினாலும் இது மாறாது. காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டு இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன்.

பதினொரு மணிக்குத் தபால். போஸ்ட் கார்டு, அதே உருண்டைக் கையெழுத்து.

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். பத்தியைப் படித்தேன். நோட்டில் அடித்ததை அழிக்க முடியவில்லை, அதனால் கீழே புதிதாக எழுதிக்கொண்டேன். பள்ளியில் தமிழ் ஐயா இறைவணக்கத்தின்போது பத்தியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து மறுபடி நூலகம் போகிறேன். தங்கள் நூலில் 67ஆம் பக்கத்திலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அகராதியில் வேறு மாதிரி உள்ளது. பார்த்துச் சொல்லவும்.

பின்குறிப்பு: அம்மா எழுதச் சொன்னது. அம்மா ஸ்கூல் படிக்கும்போது கேட் தாத்தாவிடம்தான் செருப்புத் தைத்துப் போட்டுக்கொள்வார்களாம். காசு இல்லாத நாளிலும் தைத்துக் கொடுப்பாராம். என் பொண்ணு காலேஜில் இங்கிலீஷ் படிக்குது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். நீங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, உங்கள் முகத்தில் தாத்தாவின் ஜாடையைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம். நீங்களே சொல்லட்டும் என்றுதான் ஊர் எது என்று கேட்டார்களாம்.”

சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பிரகாசம் வந்து என்ன என்றார். கார்டை அவரிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் 67ஆம் பக்கத்துக்கான அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிறகு கார்டு எடுத்து உடனே பதில் எழுதி, நானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

“அன்புள்ள லோகேஸ்வரி, 67ஆம் பக்கமும் தப்புதான். நீ பார்த்ததே சரி. அம்மாவிடம் சொல், எனக்கு ஊர் ஆம்பூர்.”